திருச்சியிலிருந்து ஒரு நாள் வரலாற்றுப் பயணம்: சோழர் கோயில்களா, புதுக்கோட்டைக் குன்றுகளா?

நாற்பது, நாற்பத்தைந்து பேரை ஒரே பேருந்தில் அழைத்துக்கொண்டு விடியற்காலையில் திருச்சியிலிருந்து புறப்பட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அவரவர் வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு வரலாற்றுப் பயணம் நடத்துபவருக்கு மூன்று வழிகள் உள்ளன. கிழக்கே சென்று தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய மூன்று பெருங்கோயில்களையும் பார்த்துத் திரும்பலாம். தெற்கே சென்று நார்த்தாமலை, சித்தன்னவாசல், திருமயம் என்று புதுக்கோட்டைச் சீமையின் குன்றுகளையும் குடைவரைகளையும் பார்க்கலாம். ஊரை விட்டு அதிகம் நகராமல் திருவரங்கம், திருவானைக்கா, மலைக்கோட்டை, கல்லணை ஆகியவற்றைச் சுற்றலாம். ஊர்ச் சங்கங்களிலும் வாசகர் வட்டங்களிலும் இந்தப் பேச்சு எழும்போது, எந்த இடம் புகழ்பெற்றது என்பதை வைத்தே பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். என் கருத்தில் அது தவறான அளவுகோல். நடுப்பகல் நான்கு மணி நேரத்தை எங்கே கழிக்கப்போகிறோம், வாடகைப் பேருந்து இல்லாமல் ஒருவர் தனியாகச் சென்று பார்க்கக் கடினமான இடம் எது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது வழியை விரைவாக ஒதுக்கிவிடலாம். திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளும், 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி உயர ராஜகோபுரமும், சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களும் ஒரு நாள் முழுவதும் நின்று பார்க்கத் தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆனால் திருச்சிக்காரர் அங்கே செல்ல நகரப் பேருந்து போதும். பெரிய பேருந்தை மலைக்கோட்டையின் கடைவீதிகளுக்கு அருகில் கொண்டு செல்லவும் முடியாது. தொலைவில் இறக்கிவிட்டு, நெரிசலில் நாற்பது பேரைச் சிதறாமல் நடத்திச் செல்வதிலேயே வழிநடத்துபவரின் முழுக் கவனமும் போய்விடும். வெளியூரிலிருந்து வரும் விருந்தினர் குழுவாக இருந்தால் இந்த வழி பொருந்தும். உள்ளூர்க் குழுவுக்குப் பொருந்தாது.

எஞ்சியிருப்பவை கிழக்கும் தெற்கும். தொலைவில் தொடங்கலாம். மூன்று சோழர் கோயில்களையும் சேர்த்துத் திருச்சிக்குத் திரும்ப ஏறத்தாழ 250 கிலோமீட்டர் ஆகிறது. புதுக்கோட்டைச் சுற்று, எந்தெந்த ஊர்களைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து, 170 முதல் 190 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். நான்கு வழிச் சாலை, ஊருக்குள் செல்லும் சாலை, ரயில்வே கடவு எல்லாவற்றையும் சேர்த்து மணிக்கு 40 கிலோமீட்டர் என்று கணக்கிடுவதே பெரிய பேருந்துக்குப் பாதுகாப்பான கணக்கு. அதன்படி முதல் பாதையில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருக்கையில் கழியும். இரண்டாவதில் நான்கரை மணி நேரம். மிச்சமாகும் ஒன்றரை மணி நேரம் ஒரு கோயிலை அவசரமின்றிப் பார்ப்பதற்குச் சமம். வாடகையும் கிலோமீட்டர் கணக்கில்தான் பேசப்படுகிறது. அதனுடன் ஓட்டுநர் படி, சுங்கம், வாகன நிறுத்தக் கட்டணம் ஆகியவை சேரும். குறைந்த தூரம் ஓடினாலும் ஒரு நாளுக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் என்று வைத்து வாங்கும் வழக்கம் இருப்பதால், புதுக்கோட்டைப் பாதையில் பணம் அதே விகிதத்தில் குறையும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஓட்டுநரின் நேரத்தையும் இந்த இடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்பதையும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் இடையில் குறைந்தது அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்பதையும் பொதுவிதியாக வைத்திருந்தது. காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு இரவு ஒன்பதுக்குத் திரும்பும் திட்டத்தைத் தீட்டுபவர்கள், கடைசி 60 கிலோமீட்டரை இருட்டில் ஓட்டப்போகிறவர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தவர் என்பதை ஒரு நிமிடமாவது நினைக்க வேண்டும். கிழக்குப் பாதையில் மூன்று கோயில்களையும் அடைத்தால் இந்த எல்லையை நெருங்கியே ஆக வேண்டியிருக்கிறது.

அடுத்தது, இறங்கி ஏறும் நேரம். நாற்பத்தைந்து பேர் ஒரு பேருந்திலிருந்து இறங்கி, செருப்பை விட்டு, தண்ணீர் குடித்து, ஒன்றுசேர்வதற்குக் கால் மணி நேரம் ஆகிறது. திரும்பி ஏறித் தலைகளை எண்ணி முடிக்க இன்னொரு கால் மணி நேரம். ஓர் இடத்துக்கு அரை மணி என்றால் ஐந்து இடங்களுக்கு இரண்டரை மணி நேரம் இதிலேயே கரையும். ஆகவே எந்தப் பாதையானாலும் மூன்று நிறுத்தங்களுக்கு மேல் வைப்பது பார்வையாளர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன். அழைப்பிதழில் ஏழு ஊர்ப் பெயர்களை அடுக்கினால் ஆட்கள் விரைவில் சேர்வார்கள் என்பது உண்மைதான். ஆனால் மாலையில் அவர்களிடம் கேட்டால் எந்தச் சிற்பம் எந்த ஊரில் இருந்தது என்று சொல்ல முடியாமல் திகைப்பார்கள்.

இனி நடுப்பகல் சிக்கலுக்கு வருவோம். சோழர் கோயில்கள் மூன்றும் இன்றும் வழிபாட்டில் உள்ளவை. உச்சிக்காலப் பூஜை முடிந்து 12 அல்லது 12.30 மணியளவில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கிறார்கள். வழக்கமாகத் திட்டமிடுபவர்கள் அருகில் இருப்பதை முதலில் வைத்து, காலை ஏழரைக்குத் தஞ்சாவூர், பதினொன்றரைக்குத் தாராசுரம், பிற்பகல் இரண்டரைக்குக் கங்கைகொண்ட சோழபுரம் என்று எழுதிவிடுகிறார்கள். அதன் விளைவு, கங்கைகொண்ட சோழபுரத்துக் கருவறையில் இருக்கும் பேருருவான லிங்கத்தைக் காணக் கூட்டம் மொத்தமும் நான்கு மணி வரை வெயிலில் காத்திருக்க நேர்கிறது. அங்கிருந்து ஐந்து மணிக்குப் புறப்பட்டாலும் திருச்சிக்கு வர எட்டரை ஆகிவிடும்.

இதே பாதையைத் தலைகீழாகத் திருப்பினால் நிலைமை பெரிதும் சீராகும். விடியுமுன் கிளம்பி, முதலில் மிகத் தொலைவிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்துக்கே சென்றுவிட வேண்டும். எட்டரை மணிக்கு அங்கே இறங்கினால், கிழக்கு நோக்கிய கோயிலின் முகத்தில் காலை வெயில் விழும் நேரத்தில் இரண்டு மணி நேரம் கிடைக்கும். முதலாம் இராஜேந்திரன் கங்கை வரை சென்ற படையெடுப்பின் நினைவாக எழுப்பிய தலைநகரின் கோயில் அது. தந்தை எழுப்பிய தஞ்சை விமானம் நேர்கோட்டில் ஏறுவதையும், மகன் எழுப்பியது உள்வளைந்த கோடுகளோடு ஏறுவதையும் ஒப்பிட்டுச் சொன்னால் சிறுவர்களுக்குக்கூட விளங்குகிறது. வடபுற வாயிலை ஒட்டியுள்ள சண்டேசருக்குச் சிவன் மாலை சூட்டும் சிற்பத்தின் முன் மட்டும் இருபது நிமிடம் ஒதுக்கத் தயங்கக் கூடாது. அருகிலுள்ள மாளிகைமேட்டில் அகழ்ந்தெடுத்த அரண்மனையின் செங்கல் அடித்தளங்களைக் காட்டலாம். கங்கை நீரைக் கொண்டுவந்து ஊற்றி, நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றும் சோழகங்கத்தை, இன்றைய பொன்னேரியை, பேருந்திலேயே விளக்கிவிடலாம். பதினொன்றரைக்குத் தாராசுரம் வந்துவிட்டால் நடை சாத்துமுன் ஒரு வணக்கம் செலுத்திவிட்டு, தேர் வடிவ இராசகம்பீரன் மண்டபத்தையும், அடியார்களின் கதைகளைச் சொல்லும் சிறு சிற்ப வரிசையையும் பொறுமையாகப் பார்க்கலாம். ஒரு மணிக்கு மேல் கும்பகோணத்தில் சாப்பாடு. நான்கு மணிக்குத் தஞ்சாவூரில் நடை திறக்கும்போது நிற்கலாம்.

தாளில் இது அழகாகப் பொருந்துகிறது. ஆனாலும் நான் இன்னொரு படி மேலே சென்று, தஞ்சாவூரையே இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று வாதிடுவேன். பெரிய கோயிலின் மீது குறையேதும் கண்டு சொல்லவில்லை. 1010-இல் முதலாம் இராஜராஜன் நிறைவு செய்த அந்தக் கோயில் மீதுள்ள மதிப்பினால்தான் சொல்கிறேன். அடிப்பீடம் முழுவதும் ஓடும் கல்வெட்டுகளில், கோயிலுக்குக் கொடுத்த ஒவ்வொரு பொருளின் எடையும், தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல் மகளிர் நானூறு பேர் எந்தெந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்பதும் எழுதப்பட்டிருக்கின்றன. அதைக் களைத்துப்போன ஒரு கூட்டத்துக்கு, நாளின் கடைசி ஒன்றரை மணி நேரத்தில், தரிசன வரிசைக்கு நடுவே காட்டுவது முறையாகாது. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் 60 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. நாள் முழுவதும் அடிக்கடி பேருந்துகளும், கூடவே ரயில்களும் உள்ளன. அந்தக் கோயிலுக்கென்று தனியாக ஒரு காலைப்பொழுதை யார் வேண்டுமானாலும் ஒதுக்கலாம். கங்கைகொண்ட சோழபுரத்துக்கோ திருச்சிக்காரர் பேருந்து மாறி மாறிச் செல்ல வேண்டும். மூட்டுவலி உள்ள பெரியவர் அந்தப் பயணத்தைத் தனியாக மேற்கொள்ள மாட்டார். வாடகைப் பேருந்து உண்மையில் உதவ வேண்டியது அவருக்குத்தான். இரண்டு கோயில்களோடு நிறுத்திக்கொண்டால் மாலை ஆறரைக்குள் திருச்சி திரும்பலாம், ஓட்டுநருக்கும் நல்லது.

தெற்குப் பாதையின் சிறப்பு, நடுப்பகல் சிக்கல் அங்கே பெரிதாக எழுவதில்லை என்பது. சித்தன்னவாசல் அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரை தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கும் நினைவுச்சின்னம். உச்சிக்கால நடை சாத்துதல் என்ற பேச்சே இல்லை. சிறு நுழைவுக் கட்டணம் உண்டு. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதுவும் இல்லை. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் பிற்பகல் வெயிலுக்கு நல்ல நிழல். ஆனால் அது வெள்ளிக்கிழமைகளிலும் இரண்டாம் சனிக்கிழமைகளிலும் மூடியிருக்கும் என்பதை மறந்துவிட்டு நாள் குறிக்கக் கூடாது. பயணங்கள் பெரும்பாலும் சனிக்கிழமையில்தான் அமைகின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். திருமயம் கோட்டையும் பகல் முழுவதும் திறந்திருக்கிறது. அதன் அடிவாரத்தில் ஒரே குன்றைக் குடைந்து அருகருகே அமைந்த சிவன், பெருமாள் கோயில்கள்தான் மாலையில் நடை திறக்கும். ஆகவே மூன்று மணிக்குக் கோட்டையில் ஏறி, நான்கு மணிக்குக் கீழே இறங்கினால் இரண்டும் கைகூடும். 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டையின் உச்சியில் நின்று சுற்றிலும் விரியும் வறண்ட நிலத்தைப் பார்க்கும்போது, காவிரிக் கரையிலிருந்து வந்தவர்களுக்கு இந்தச் சீமை ஏன் ஏரிகளையும் குன்றுகளையும் நம்பி வாழ்ந்தது என்பது சொல்லாமலே புரியும்.

காலைப் பொழுதுக்கு இந்தப் பாதையில் இரண்டு தெரிவுகள் உள்ளன. இங்கேதான் குழுவின் வயதைப் பார்க்க வேண்டும். ஏறி இறங்கக் கூடியவர்கள் என்றால் நார்த்தாமலைக்கு இணை இல்லை. பாறைச் சரிவில் ஏறிச் சென்றால் விஜயாலய சோழீசுவரம் நிற்கிறது: வட்டமான கருவறை, அதைச் சுற்றிச் சதுரமான சுவர், சுற்றிலும் சிறு கோயில்கள். விஜயாலயன் பெயரைத் தாங்கியிருந்தாலும், முத்தரையர் குலத்துக் குறுநிலத் தலைவனான சாத்தன் பூதி கட்டியதாகவும், மழையில் இடிந்துபோனதை மல்லன் விடுமன் புதுப்பித்ததாகவும் வாயிற்காவலர் சிற்பத்தின் அடியிலுள்ள கல்வெட்டு கூறுகிறது. சோழர் எழுச்சிக்கு முன் இந்த நிலம் யாருடையதாக இருந்தது என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாக எழுப்பும் இடம் எனக்குத் தெரிந்து அருகில் வேறில்லை. எதிரே உள்ள குடைவரையில் திருமாலின் ஆளுயரப் புடைப்புச் சிற்பங்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கின்றன. ஆனால் வழியில் நிழல் கிடையாது, படிகள் ஒழுங்காக இல்லை, கழிப்பறையை எதிர்பார்க்க முடியாது. ஏழு மணிக்கு ஏறத் தொடங்கி ஒன்பதுக்குள் இறங்கிவிட வேண்டும். கருவறைக் கதவு பூட்டியிருக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே காவலரிடம் பேசி வைப்பது நல்லது.

பெரியவர்கள் மிகுந்த குழுவானால் நார்த்தாமலையை விட்டுவிட்டுக் கொடும்பாளூரை வைக்கலாம். மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டியதும் வரும் ஊர், நிலம் சமமானது, மூவர் கோயில் வளாகத்தில் புல்தரை. கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் தேவியர் இருவர் பெயராலும் எடுத்த மூன்று விமானங்களில் இரண்டு நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் இருக்கிறது. அந்த வெற்று அடித்தளம் ஒரு கோயில் எப்படி எழும்புகிறது என்பதைக் காட்டுவதற்கு மிகவும் உதவுகிறது. முழுக்கோயிலில் மறைந்துபோகும் கட்டுமான வரிசையை அதில் விரல் வைத்துக் காட்டலாம். அங்கிருந்து இலுப்பூர், அன்னவாசல் வழியாகச் சித்தன்னவாசலுக்குச் சாலை இருக்கிறது. குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு அதே பக்கம்தான் என்றாலும், நான்காவது நிறுத்தமாக அதைச் செருகும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். இசை பயில்வோர் நிறைந்த குழுவாக இருந்தால் மட்டும் திருமயத்தை எடுத்துவிட்டு அதை வைக்கலாம்.

தெற்குப் பாதையின் குறையையும் சொல்லியாக வேண்டும். சித்தன்னவாசல் குடைவரை சிறியது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உள்ளே நின்று பார்க்க முடியாது, நிற்கவும் விடக் கூடாது. ஓவியங்களின் சுண்ணப்பூச்சு ஏற்கெனவே பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. பாண்டியன் சீமாறன் சீவல்லவன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளம்கௌதமன் இந்தக் குடைவரையைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. விதானத்திலுள்ள தாமரைக் குளத்தை, அதில் மலர் பறிக்கும் மனிதர்களையும் மீன்களையும் யானைகளையும், வெறும் கண்ணால் உடனே பிரித்தறிவது புதியவருக்கு எளிதன்று. ஆகவே ஓவியத்தின் பெரிய அச்சுப் படத்தைப் பேருந்திலேயே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து விளக்கிவிட வேண்டும். பிறகு நான்கு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றவற்றை வெளியே வைத்துச் சமணத் துறவிகளைப் பற்றியும், குன்றின் மறுபக்கம் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில் உள்ள கற்படுக்கைகளையும் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துக் கல்வெட்டையும் பற்றியும் பேச இன்னொருவர் வேண்டும். ஒரே ஒருவர் எல்லாவற்றையும் நடத்த வேண்டிய குழுவுக்கு இந்தப் பாதை கடினம். கங்கைகொண்ட சோழபுரத்தின் விரிந்த முற்றத்திலோ, ஒருவரே உரத்த குரலில் நாற்பது பேருக்கும் பேசிவிடலாம்.

நாளைத் தேர்வதிலும் இரண்டு பாதைகளும் வேறுபடுகின்றன. கோயில் பாதைக்குப் பஞ்சாங்கம் பார்க்காமல் நாள் குறிக்கக் கூடாது. ஐப்பசிப் பௌர்ணமியன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் நடக்கும் அன்னாபிஷேகத்துக்கும், ஆடித் திருவாதிரையில் இராஜேந்திரன் பிறந்தநாளுக்கும் திரளும் மக்கள் கூட்டத்தில் சிற்ப விளக்கம் நடக்காது. பக்திக்காகச் செல்பவர்களுக்கு அவை மிகச் சிறந்த நாட்கள் என்பது வேறு செய்தி. தஞ்சாவூரைச் சேர்த்தே தீர வேண்டும் என்று குழு முடிவு செய்தால், மாலைப் பிரதோஷத்தையும் ஐப்பசிச் சதய விழாவையும் தவிர்க்க வேண்டும். புதுக்கோட்டைப் பாதையின் பகைவன் வெயில் மட்டுமே. மார்கழியிலிருந்து மாசி முற்பகுதி வரை ஏற்ற காலம். பங்குனிக்குப் பிறகு பாறையில் கால் வைக்க முடியாது. ஆனால் கார்த்திகை தொடங்கித் தை முற்பகுதி வரை சபரிமலைப் பயணங்களுக்குப் பேருந்துகள் பெரிதும் போய்விடுவதால் வாடகை ஏறியிருக்கும். முகூர்த்த நாட்களிலும் அப்படித்தான். தை பிற்பகுதியில் முகூர்த்தமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் அதைவிட வேறு நாள் தேடத் தேவையில்லை.

பேருந்தா, இரண்டு வேன்களா என்ற கேள்விக்கும் பாதைக்கேற்ற விடைதான் உண்டு. கிழக்குப் பாதை முழுவதும் பெரிய சாலை. ஒரே பேருந்தில் போவதே நல்லது, ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கதை சொல்லிச் செல்லலாம். நார்த்தாமலைக்கும் சித்தன்னவாசலுக்கும் பிரியும் கிளைச் சாலைகளில் இரண்டு வேன்கள் எளிதாகத் திரும்பும். ஆனால் இரண்டு வண்டியிலும் விளக்கம் சொல்ல ஆள் இருக்க வேண்டும். ஒன்று பின்தங்கினால் மற்றது காத்திருக்க வேண்டும். காலை உணவைப் பொட்டலமாகக் கையில் எடுத்துக்கொள்வது இரு பாதைகளுக்கும் பொது: உணவகத்தில் நாற்பத்தைந்து பேர் சிற்றுண்டி சாப்பிட்டு முடிக்க ஆகும் முக்கால் மணி நேரம், வெயில் ஏறாத காலைப் பொழுதிலிருந்துதான் போகிறது.

என்னிடம் ஒரே விடை கேட்டால், விளக்கம் சொல்ல இருவர் இருந்து, பெரும்பாலோர் ஏறி இறங்கக் கூடியவர்களாகவும் இருந்தால் புதுக்கோட்டையையே தேர்ந்தெடுப்பேன். பல்லவர், பாண்டியர், முத்தரையர், இருக்குவேளிர், சமணர், சேதுபதிகள் என்று பலருடைய தடங்களையும் ஒரே நாளில் அடுத்தடுத்துத் தொட்டுக் காட்டக்கூடிய சுற்று இந்தப் பகுதியில் வேறு கிடையாது. பாடப்புத்தகத்தில் சோழரை மட்டும் அறிந்தவர்களுக்கு அது புதிய வாசல். வழிநடத்துபவர் ஒருவர்தான், குழுவில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள் என்றால், கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் மட்டும்.

எதைத் தேர்ந்தாலும், பேருந்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வழிநடத்துபவர் ஒருமுறை அதே கிழமையில் அந்தப் பாதையில் சென்று வர வேண்டும். பெரிய பேருந்து எந்த இடத்தில் திரும்ப முடியும், நிறுத்தத்திலிருந்து வாயில் வரை எத்தனை நிமிட நடை, நடை சாத்தும் நேரம் இப்போது என்ன, கழிப்பறை திறந்திருக்கிறதா, சாப்பாட்டு விடுதியில் ஒரே பந்தியில் எத்தனை பேர் உட்காரலாம் என்ற ஐந்தையும் குறித்துக்கொண்டு வந்து, அதன் பிறகு நேர அட்டவணையை எழுதினால் போதும்.